மிதி... பிடி... விடு

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் ஹற்றன் கார் தரிப்பிடத்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம். பாதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள். மீதிப்பேர் கழுத்தில் மந்திரித்துக் கட்டிய கயிற்றைத் தொட்டுக்கொள்வார்கள்.

நிரோஷனிடம் ஒரு பழைய பொக்ஸ் லான்சர் கார் இருந்தது. அவனைவிட வயதில் மூத்தது. நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருந்துகொண்டு அதை வாடகை ஹயருக்கு ஓட்டினான். புதுச் சாமானின் விலையைக் கேட்டால் தலை சுற்றும் காலம். ஆகவே உடைத்த வண்டிகளில் சாமான் பொறுக்கி, தானே பூட்டி, தானே ஓட்டுவான். இந்தமுறை அவசரம் வேறு. மனைவி நிலக்ஷிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரிக்கு இறங்கும் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வண்டியிலோ பிரேக் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் செத்துவிட்டது. நாம் பெடலை மிதிப்பதைச் சக்கரத்துக்குச் சொல்லி அனுப்புவது அதுதான்.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளை வாங்கி உடைத்து விற்கும் பிரதாப்பிடம் போனான். வாயெல்லாம் சர்க்கரை அந்த ஆளுக்கு. நிறைமாதக் கதையைக் கேட்டு உச்சுக் கொட்டினார். பிறகு ஒரு சிலிண்டரை எடுத்து நீட்டினார்.

"அடிபட்ட வண்டி இல்ல தம்பி. கொழும்புல ஒரு டீச்சரம்மா கோயிலுக்கு மட்டும் ஓட்டுனது. உள்ள வொஷர் எல்லாம் புதுசு."

வீட்டில் துடைத்தபோது கறுப்புப் பெயின்ட் உரிந்து வந்தது. அடியில், ஆணியால் கீறிய ஒரு சின்ன வேல். கோயிலுக்குப் போன வண்டிதானே என்று அவன் அதை விட்டுவிட்டான். அடிபட்ட வண்டியின் சாமானை எலுமிச்சங்காய் வெட்டாமல் அந்தப் பக்கத்தில் யாரும் பூட்டமாட்டார்கள். இதற்கு அதுவும் தேவையில்லை என்று நினைத்தான். சர்க்கரை வாயை நம்பினால் அப்படித்தான்.

சிலிண்டர் மாற்றினால் பிரேக் குழாயில் எயார் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார். மற்றவர் சக்கரத்துக்கு அடியில் படுத்து, நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, மறுபடி இறுக்குவார். மொத்தம் மூன்றே சொல். மிதி. பிடி. விடு. கீழே இருப்பவர் 'விடு' என்று சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், பட்ட பாடெல்லாம் வீண்.

மிதித்துக் கொடுக்க வருவதாகச் சொன்னவன் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் துஷாந்த். வேலைவிட்டு நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றிருந்தான்.

நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது. நிரோஷன் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தான். முன்கதவு திறக்கும் சத்தம். கிறீச்... டப். தலையைத் திருப்பினான். டிரைவர் கதவுக்குக் கீழே ஒரு சோடிச் செருப்பு, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. ஒன்றின் வார் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. துஷாந்த் எப்போதிருந்து இவ்வளவு மரியாதைக்காரன் ஆனான் என்று சிரித்துக்கொண்டான்.

"மிதி," என்றான்.

டக். டக். டக். பின்னால் பிரேக் லைட் பனியில் சிவந்து சிவந்து அணைந்தது.

"பிடி."

சிவப்பு அப்படியே நின்றது. நிப்பிளைத் திறந்தான். காற்றும் பிரேக் ஒயிலும் புஸ்ஸென்று வந்தன. இறுக்கினான்.

"விடு."

அணைந்தது. இவ்வளவு பக்குவமாக மிதிக்கிற ஆளை அவன் கண்டதே இல்லை. மூன்று சக்கரம் முடிந்தது. கடைசிச் சக்கரம். மிதி... பிடி... நிப்பிளை இறுக்கினான். 'விடு' என்று சொல்ல வாயெடுத்தான்.

போன் அடித்தது. 4.40.

"மச்சான், பஸ் பழுதாகிருச்சு. இன்னும் பொகவந்தலாவையிலதான் நிக்கிறேன். நாளைக்கு எயார் எடுப்பமா?"

துஷாந்தின் குரல்.

பனியில் பிரேக் லைட் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது...

நிரோஷன் மெல்ல வெளியே ஊர்ந்து வந்தான். செருப்பைக் காணவில்லை. சீட்டில் யாரும் இல்லை. பெடல் மட்டும் அடிவரை அமுங்கி நின்றது. பெடல் ரப்பரில் ஈரமாக ஒரு வெறுங்காலின் தடம். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

சாவியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் ஓடினான். 'விடு' என்று அவன் சொல்லவே இல்லை.

காலையில் பார்த்தபோது பெடல் மேலே வந்திருந்தது. பயந்து செத்தாலும் வேறு வண்டிக்கு எங்கே போவது? இரண்டாம் நாள் விடியற்காலை நிலக்ஷிக்கு வலி கண்டது. மாமியாரோடு பின்சீட்டில் ஏற்றினான். முனி கோயில் வளைவுக்கு மேலே, இறக்கத்தில் பிரேக்கை மிதித்தான்.

கால் அடிவரை போனது. வண்டி நிற்கவில்லை.

மறுபடி மிதித்தான். ஒன்றும் இல்லை. பின்னால் நிலக்ஷி முனகினாள். வளைவு நெருங்கியது...

அப்போது, மேலே வந்த பெடல் அவன் அழுத்தாமலே தானாக இறங்கியது. காலைத் தூக்கிப் பார்த்தான். பெடல் இறங்கியே இருந்தது. வண்டி பூப்போல வளைவில் திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படியே. டிக்கோயா ஆஸ்பத்திரி வாசல்வரை அவன் பிரேக்கைத் தொடவே இல்லை.

பெண் குழந்தை. இருவரும் சுகம்.

வெளியே வந்து பொனட்டைத் திறந்தான். ஒயில் டப்பாவில் ஒரு சொட்டு இல்லை. புதிது என்று சொன்ன ரப்பர் வொஷர் இற்றுப்போய், எல்லா ஒயிலும் பின்வழியாக ஒழுகியிருந்தது. நிரோஷனுக்குப் பயம் போய்விட்டது. பிரதாப் மேல் ஆத்திரம் வந்தது. வண்டியை லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். பிரதாப்பைக் கூப்பிட்டு, இன்று வந்து பார்க்காவிட்டால் நாளைக்குத் தரிப்பிடத்தில் ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்வேன் என்றான்.

பிரதாப் பின்னேரமே காலில் சப்பாத்தும் தலையில் தொப்பியுமாக வந்து இறங்கினார். டிரைவர் சீட்டில் ஏறி மிதித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்குது. பொம்பளப் புள்ள பெத்த பதட்டத்துல ஒளறாத. நானே ஓட்டிக் காட்டுறேன்."

நிரோஷன் இடப்பக்கம் ஏறப் போனான். கதவு திறக்கவில்லை. அவன் கண்முன்னே, உள்ளே பூட்டுக் கட்டை தானாகக் கீழே இறங்கியது. டிக்.

"இங்கயே நில்லு," என்று பிரதாப் வண்டியை எடுத்தார்.

வண்டி நகர்ந்தது. அது நின்ற இடத்தில், டிரைவர் கதவு இருந்த பக்கம்...

ஒரு சோடிச் செருப்பு. ஈரமாக. வாரில் செப்புக் கம்பி.

கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். வாய் வரவில்லை என்று நிரோஷன் சொல்கிறான். யாரோ வரவிடவில்லை என்று நான் சொல்வேன்.

முதல் வளைவு. பிரேக் லைட் எரியவில்லை.

இரண்டாம் வளைவு. எரியவில்லை.

முனி கோயில் வளைவு. ஹோன் ஒரே இழுவையாக...

பிறகு சத்தமே இல்லை.

கொழுந்துக் காட்டுக்குக் கீழே, பள்ளத்தில் வண்டி கிடந்தது. பிரதாப் உயிரோடு இல்லை. டிரைவர் சீட்டில் ஏறிய மனிதர் இடப்பக்கச் சீட்டில் இருந்தார். பெல்ட் போட்டிருந்தது. டிரைவர் சீட் காலி.

நிரோஷன் செருப்பைத் தாளில் சுற்றித் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோனான். பார்த்தவர்கள் மீனம்மா என்பவரின் வீட்டைக் காட்டினார்கள். அவருடைய புருஷன் இராமையா, டிரைவர். போன வருஷம் அதே முனி கோயில் வளைவில் பிரேக் இல்லாமல் போய் இறந்தவர். அந்தப் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை வொஷர் புதுசு என்று சொல்லி விற்றது பிரதாப். நொறுங்கிய வண்டியைப் பிறகு இரும்பு விலைக்கு வாங்கியதும் பிரதாப். தான் பூட்டும் சாமானில் எல்லாம் ஒரு வேல் கீறிவைப்பது இராமையாவின் வழக்கமாம். செருப்பைக் கழற்றாமல் அவர் எந்த வண்டியிலும் ஏறியதில்லையாம்.

மீனம்மா செருப்பின் கம்பியைத் தடவிப் பார்த்தார். அழவில்லை.

"இத நாந்தான் தம்பி குழிக்குள்ள அவரு காலுக்குப் பக்கத்துல வச்சேன். மண்ணு போட்டது ஊருக்கே தெரியும்."

பிறகு கேட்டார்.

"எயார் எடுக்க யாரு கூப்பிட்டாலும் போய் மிதிச்சுக் குடுப்பாரு. விடுன்னு சொல்லாம கால எடுக்கவே மாட்டாரு. நீங்க சொன்னீங்களா?"

நிரோஷன் எழுந்து ஓடினான். வண்டியை இழுத்துவந்து போட்டிருந்த இடத்துக்கு மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தான். 'போதும்ணே, விடுங்க' என்று சொல்லிக்கொண்டே நசுங்கிய பொனட்டைத் தூக்கினான்.

மாஸ்டர் சிலிண்டரைக் காணோம். யாரோ அதற்குள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

துடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, எங்கோ விற்றிருப்பார்கள். ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பயமும் இல்லை. விற்றவர் மட்டும் அந்த வண்டியில் ஏறாமல் இருந்தால் நல்லது.