ஜெர்சிக்கு எடுத்த அளவு

நான் பயந்தாங்கொள்ளி. நானூறு மீட்டர் ஓட்டத்தில் கல்லூரிக்கு இரண்டு முறை பதக்கம் வாங்கிக் கொடுத்தவள், பெண்கள் தடகள அணிக்குக் கேப்டன், இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஏதோ தைரியமாகச் செய்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் உடற்கல்வி ஆசிரியைக்கான பி.பி.எட். சேர ஆசை. வீடு மண்ணரையில். அப்பா இல்லை, அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில், தைத்து வரும் துணியை அளந்து சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு வியாழக்கிழமை காலை, முதல் பீரியடில், அலுவலக உதவியாளர் வகுப்புக்கே வந்து என் கையில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கோச் சார் மீது முதலாமாண்டு மாணவி ஒருத்தி புகார் கொடுத்திருக்கிறாள், அதை விசாரிக்கும் குழு முன்னால் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் சாட்சி சொல்ல வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. என்னைச் சாட்சியாகக் கேட்டது அந்தப் பெண் இல்லை, கோச் சார். அதைப் படித்ததும், பாடம் நடத்திக்கொண்டிருந்த மேடத்திடம் சொல்லக்கூட இல்லாமல் எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், ஓர் ஏற்றுமதி நிறுவனம் எங்கள் அணிக்கு ஜெர்சியும் ட்ராக் பேண்டும் கொடுக்க முன்வந்திருந்தது. கோச் சார் எங்கள் ஏழு பேரையும் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்கு வரச் சொன்னார். கையில் இன்ச் டேப். என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுது என்றார். முதலில் என்னைத்தான் அளந்தார். கேப்டனே கம்மென்று நின்றால் மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்? அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் மூலையில் அடுக்கியிருந்த பாய்களின் மேல் உட்கார்ந்து எண்களை எழுதினேன். மார்பு, இடுப்பு, தொடை. ஓர் ஆளுக்கு அளவெடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. டேப் ஓரிடத்தில் இருந்தால் கை அங்கேயே இருக்க வேண்டும், இருக்காது. எனக்கு நடந்தபோதே அது தெரிந்துவிட்டது. ஆனால் எழுதினேன். ஐந்தாவதாக வந்த முதலாமாண்டுப் பெண் அவர் கையைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு நேராக நோட்டில் பாதி எண்கள்தான் இருந்தன.

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் அப்பா சாயப்பட்டறை வேலைக்காகக் குடும்பத்தோடு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீளம் தாண்டுவாள். அதிகம் பேச மாட்டாள். அவள் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதி நேராக முதல்வர் அறையில் கொடுத்துவிட்டாள்.

கல்லூரி என்ன செய்தது என்று கேட்டால், எல்லாவற்றையும் காகிதத்தில் செய்தது. விசாரணை முடியும்வரை கோச் சார் விடுப்பில் இருக்க வேண்டும் என்று ஒரு காகிதம். குழு அமைத்து ஒரு காகிதம். அதே சமயம் அந்தப் பெண்ணின் அப்பாவை வரவழைத்து, புகார் பொய் என்று ஆகிவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னது. அதற்குக் காகிதம் கிடையாது. அப்படி ஆனால் மகளைத் தன்னோடு பட்டறைக்கே வேலைக்கு அழைத்துப்போவதாக அவர் சொல்லிவிட்டுப் போனாராம்.

பயிற்சி நின்றுவிட்டது. பல்கலைக்கழகப் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அணியின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவளைத்தான் கரித்துக்கொட்டினார்கள். நம்ம எல்லாரையும்தானே அளந்தார், இவளுக்கு மட்டும் என்ன என்று ஒருத்தி எழுதினாள். அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிடு என்றார்கள். கேப்டன் நான்தான் அட்மின். எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது கோச் சார் பைக்கில் வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு.

“என்ன கண்ணு, லெட்டர் வந்துச்சா?”

“வந்துச்சுங்க சார்.”

“பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. நீ பக்கத்துலயேதான இருந்த? நோட்டு பூரா உன்ற கையெழுத்துதான? அளவுதான் எடுத்தாருன்னு சொல்லு, போதும். தப்பா ஏதாச்சும் நடந்திருந்தா நீ உக்காந்து எழுதிட்டு இருந்திருப்பியா?”

நான் தலையாட்டினேன்.

“பி.பி.எட். சீட்டுக்கு நாந்தான சொல்லோணும். மறக்க மாட்டேன் கண்ணு. அம்மா நல்லா இருக்காங்களா? இன்னும் மண்ணரைல அதே ஊடுதான?”

“ஆமாங்க சார்.”

பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருந்தால், என்ன ஒரு மரியாதையான மனிதர் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் மிரட்டினால் அது மிரட்டல் என்று மிரட்டப்படுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். பைக் போன பிறகு மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். அவர் பஸ்ஸைப் பின்தொடர்ந்து வருவாரோ என்று பயம். வீடு அவருக்குத் தெரியும் என்பது ஏனோ மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை.

“ஏஞ்சாமி, கறி எடுத்தன்னைக்கு இப்படிக் கொறிச்சுட்டு உக்காந்திருக்கற?” என்றாள்.

பாதியைச் சொன்னேன். ஜெர்சிக்கு அளவெடுத்தார், ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாள், நான் சாட்சி. அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஜெர்சிக்கா? ஒடம்புலயா அளந்தாங்க?”

“ஆமா.”

“பனியன் துணிக்கு எதுக்கு சாமி ஒடம்ப அளக்கறாங்க? இழுத்தா வர்ற துணி. எஸ்ஸு, எம்மு, எல்லுன்னு வெட்டித் தெச்சு, பீஸை டேபிள்ல விரிச்சுப் போட்டுத்தான் அளப்போம். பதினெட்டு வருசமா டேப்பு புடிக்கறேன். ஒரு மனுசரத் தொட்டு அளந்ததில்ல.”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளுக்கு மீதிப் பாதியும் விளங்கிவிட்டது.

“உன்னையும் அளந்தானா?”

அதுவரை கோச் சாரை அவர் இவர் என்றுதான் சொல்வாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, ஆமா என்றேன். அம்மா சண்டைக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நாளைக்கு நீ போவ வேண்டாம். காய்ச்சல்னு சொல்லிக்கலாம். நமக்கு யாரு இருக்கா சாமி?”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே பசி எடுத்தது. இரண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுப் படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கோச் சாரோடு பழைய செய்திகளைப் பார்த்துக்கொண்டே போனபோது அது கண்ணில் பட்டது. நான் அவருக்கு அனுப்பியது: எஸ் மூன்று, எம் மூன்று, எல் ஒன்று. அவர் பதில்: ஓகே, கம்பெனிக்கு அனுப்பியாச்சு. அளவெடுத்த நாளுக்குப் பத்து நாள் முந்தைய தேதி. ஏழு பேரிடமும் சைஸ் கேட்டு எழுதி அனுப்பியதே நான்தான். அப்படியென்றால் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தபோதே இந்த அளவு எதற்கும் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். செக்கிங்காரி மகள், எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்ததைத் தெரியாததாக்க அந்தப் பயத்துக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் போனேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பெரிய காரணம் அதுவல்ல. நான் போகாவிட்டால் அவர் வீட்டுக்கே வந்துவிடுவார் என்று பயந்தேன். அம்மாவிடம் பரீட்சை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை, தடுக்கவும் இல்லை.

முதல்வர் அறைக்குப் பக்கத்து ஹாலில் நீள மேசை. குழுவின் தலைவியாக எங்கள் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், வேறு துறை ஆசிரியர்கள் மூன்று பேர், வெளி உறுப்பினராகக் கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர் அம்மா. ஒரு பக்கம் கோச் சார், எதிரில் அந்தப் பெண். இரண்டு பேரையும் இப்படி நேருக்கு நேர் உட்கார வைக்கவே கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கோச் சார் எழுந்து நின்று பணிவாகப் பேசினார்.

“அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்லீங்க மேடம். ஊருக்குப் புதுசுங்க. இங்கத்த பழக்கம் தெரியாதுங்க. திருப்பூர்ல எல்லாரும் டேப்பும் கையுமாத்தானுங்க இருப்போம். அளவெடுக்கறது எங்களுக்கு ஒரு விசயமே இல்லீங்க.”

நோட்டைத் தலைவியிடம் நீட்டினார். வழக்கறிஞர் அம்மா அதை வாங்கிப் புரட்டிவிட்டு, “டெய்லர் அளவெடுக்கிற மாதிரிதானே?” என்று சுற்றிலும் கேட்டார். உள்ளூர் ஆசிரியர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க மேடம்.”

“அளவெடுக்கும்போது அங்கேயே இருந்தீங்களா?”

“இருந்தேனுங்க.”

“தப்பா ஏதாவது பாத்தீங்களா?”

நோட்டிலிருந்த என் எழுத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“பாக்கலீங்க.”

கோச் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள், திரும்பவும் மடித்தாள். அழவில்லை. இந்த ஊரில் ஒருத்தரும் தன் பக்கம் பேச மாட்டார்கள் என்று முடிவுக்கு வந்துவிட்டவள் போல அவ்வளவு அமைதியாக மடித்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“பயந்துட்டுத் தலையவே தூக்கலீங்க மேடம், அதனால பாக்கலீங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் வழக்கறிஞர் அம்மா. “அந்த அளவு ஜெர்சிக்கு இல்லீங்க. பனியன் துணிக்கு இந்த ஊர்ல யாரும் ஒடம்ப அளக்க மாட்டாங்க. பீஸைத்தான் அளப்பாங்க. சைஸு பத்து நாள் முன்னாடியே நான் அனுப்பிட்டேனுங்க. என்னையுந்தான் அளந்தாருங்க. மொதல்ல என்னையத்தான்.”

போனை எடுத்து நீட்டினேன். வழக்கறிஞர் அம்மா வாங்கிப் படித்துவிட்டுத் தலைவியிடம், “இவங்க சொல்றது சரியா? உடம்பை அளக்கிற வழக்கம் இல்லையா?” என்று கேட்டார்.

தலைவியின் தம்பி பனியன் கம்பெனி வைத்திருப்பவர். தலைவி, “இல்லைதான்” என்றார். மற்ற மூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே அந்த அறையில் வெளியூர்க்காரர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பயந்தாங்கொள்ளி நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அறிக்கை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. புகார் உண்மை என்று எழுதினார்கள். கல்லூரி அவரை நீக்கியதா என்றால், இல்லை. சொந்தக் காரணங்களுக்காக அவரே விலகிக்கொண்டதாக ஒரு காகிதம் வந்தது. எங்கள் அணி அந்த வருடம் போட்டிக்குப் போகவில்லை. நான் அந்த வருடம் முழுக்கப் பைக் சத்தம் கேட்டால் பஸ் ஸ்டாப்பில் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். பயம் அன்றோடு விட்டுப்போயிற்று என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

புதிதாக ஒரு பெண் கோச் வந்து பயிற்சி தொடங்கிய காலையில், அந்தப் பெண் மணல்குழி ஓரம் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். டி.சி. பேச்சு நின்று அவள் தொடர்ந்து படித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் அவள் நன்றி சொல்வாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்ததையும் மறைக்கவில்லை. சொன்னாள்.

“நீங்க மட்டும் அன்னைக்குப் பேசலன்னா எங்கப்பா என்னைய பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாவ, அக்கா. அத நான் மறக்க மாட்டேன்.”

சரி என்பது போல் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“ஆனா மொதல்ல உங்களத்தான அளந்தாரு. அப்பவே நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா, எங்க ஆறு பேர் மேலயும் அவர் கை பட்டிருக்காதுல்லா?”

கோபமே இல்லாமல், வழி கேட்பவள் போலத்தான் கேட்டாள். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். எழுந்து ஓடப் போனாள்.