ரத்தக் கழிச்சல் வந்த வழி

சித்தப்பாவின் நீலவார் ரப்பர் செருப்பு வாசலில் கிடந்தால் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று அர்த்தம். குஷாய்குடாவில் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த எங்கள் தெருவில் பாதி வீடுகளின் பின்புறம் கோழி அடைப்பு இருந்தது. ஆலையில் ஃபிட்டரான சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கோழி வைத்தியம். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. எங்கோ ஒரு குஞ்சு தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், போய் நிற்பார். அதனால் தெருவில் கிடைத்த மதிப்பைத் தவிர அவர் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

நான் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் தெருவில் ரத்தக் கழிச்சல் புகுந்தது. குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. எச்சத்தில் ரத்தம் தெரிந்தது. இரண்டு மூன்று நாளில் கதை முடிந்தது. எதிர்வீட்டு அக்கா அடைவைத்துப் பொரித்த பன்னிரண்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. சித்தப்பா வீடு வீடாக ஓடினார். நான் எச்சத்தைக் கல்லூரிக்கு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குடலுக்குள் பெருகும் ஒட்டுண்ணி அது. அதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்து, ஈரத்தில் ஓரிரு நாளில் முதிர்ந்து, மண்ணைக் கொத்தும் அடுத்த குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். சரி, கோழிகள் சுவர் தாண்டவில்லையே, நோய் மட்டும் எப்படித் தாண்டியது? குஞ்சுகள் செத்த வீடுகளை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அது சித்தப்பா போய்வந்த வரிசை.

நம் ஆட்களின் வழக்கம்தான். மனிதர் வீடு என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவோம். கோழி அடைப்புக்குள் செருப்போடு போவோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். அந்த இரண்டு நாளில் அவர் இன்னொரு வீட்டுக்குப் போய்வந்துவிட்டார். சொல்லிவிட்டேன்.

“என் செருப்பா? கைக்கு இப்படிப் பேசறே?” என்று சிரித்தார். ‘ஏன்’ என்பதற்கு அவர் வாயில் ஊர்ப் பேச்சாகக் ‘கைக்கு’தான் வரும். பிறகு செருப்பைப் புரட்டி, அடியில் அப்பியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். மருந்தோடு நானும் கூடப் போனேன். “ஒங்க வீட்டுக்குச் சீக்கைக் கொண்டாந்தவன் நாந்தாம்மா” என்றார் எதிர்வீட்டு அக்காவிடம்.

“பன்னெண்டும் போச்சேண்ணா!” என்று அவள் அழுதாள்.

“ஹவ்மா, ஆமாம்மா” என்று மட்டும் சொல்லிக் கைகட்டி நின்றார். மழைமேல் பழியைப் போட்டிருக்கலாம்; யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் போடவில்லை.

சித்தப்பா போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. நான் இப்போது கொண்டாப்பூரில் கிளினிக் வைத்திருக்கிறேன். நாய் வளர்க்கும் ஐ.டி. பிள்ளைகளிடம், கழிச்சல் கண்ட குட்டியைத் தனியாக வையுங்கள், தட்டைப் பிரித்து வையுங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன். போன ஆடியில், அப்படி ஒரு குட்டியைக் கிடத்திய மேசையைச் சரியாகத் துடைக்காமல், தடுப்பூசிக்கு வந்த இன்னொரு குட்டியை அதிலேயே கிடத்திவிட்டேன். அதற்கும் கழிச்சல் கண்டது, பிழைக்கவில்லை. அதை வளர்த்த பெண், எப்படி வந்தது டாக்டர் என்று கேட்டாள்.

“மழைக்காலம் இல்லையாம்மா, இப்படித்தான் வரும்” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.