செக்கர் வீட்டுப் பின்சுவர்

என் அக்காவின் கணவர் முப்பத்துமூன்று வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். அத்தனை வருடத்தில் ஒருவரைக்கூட அவர் சும்மா விட்டதில்லை. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் அப்பா மகளைப் பார்க்கும் ஆசையில், அவசரத்தில் டிக்கெட் எடுக்காமல், மருமகன் இருந்த பெட்டியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். மருமகன், "வாங்க மாமா, உடம்பு சௌக்கியமா?" என்று அன்பாக விசாரித்துவிட்டு அபராத ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அதன்பிறகு அப்பா கடைசிவரை பஸ்ஸில்தான் போனார்.

ஊரில் எல்லோருக்கும் அவர் செக்கர். எனக்கு முகத்துக்கு நேரே மாமா, முதுகுக்குப் பின்னால் செக்கர்.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், அக்கா என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"தம்பி, உன் மாமாவை எங்கயாவது கொண்டுபோய் விடுடா. டப்பாவைத் திறந்தா எதுக்குத் திறந்தேங்கறாரு. மூடினா எதுக்கு மூடினேங்கறாரு. நேத்து பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல போகுது, அதை நிறுத்தி எங்க போறேன்னு கேக்கறாரு."

அன்றைக்கே ஒரு தாவரவியல் டீச்சர் ஒரு நோட்டீஸை நகலெடுக்கக் கொண்டுவந்தார். "ஏரியை மீட்க ஆட்கள் தேவை. ஞாயிறு காலை ஆறு மணி. பழைய உடுப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்." நூறு கேட்டார், நான் நூற்றியொன்று எடுத்தேன். அந்த உபரி ஒன்றை மாமாவிடம் கொடுத்தது நான்தான். பின்னால் நடந்த அத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்ட பாவம் என்னுடையது.

ஏரி பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. இருந்தது என்று நம்பத்தான் வேண்டும், ஏனென்றால் தண்ணீரே கண்ணில் படவில்லை. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை. அதை அகற்ற வந்த படையில் நான்கு பேர்: டீச்சர், காற்றடித்த லாரி டியூபில் உட்கார்ந்து மிதக்கும் ஸ்கூட்டர் மெக்கானிக், தொப்பையைக் குறைக்க வந்த இரண்டு வங்கி ஊழியர்கள். டீச்சர் முதல் நாளே மாமாவுக்கு விளக்கினார்.

"கோரை, அல்லி இதெல்லாம் இந்த ஏரியோட சொந்தச் செடி சார். அதை விட்டுடணும். இந்த ஆகாயத்தாமரை வெளியிலேர்ந்து வந்து இடத்தை அடைச்சுக்கிட்டது. இதை எடுக்கணும்."

மாமாவின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "புரிஞ்சுதும்மா. இது வித்தவுட் டிக்கெட்டு," என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் கையில் ஒரு பதிவேடு இருந்தது. தாமதமாக வந்தால் ஒரு சாக்கு களை கூடுதலாகச் சுமக்க வேண்டும். வேலை நேரத்தில் அரட்டை என்றால் இன்னொரு சாக்கு. ரயில்வேயிலிருந்து ஞாபகத்துக்கு வைத்திருந்த, டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியையும் கொண்டுவந்தார். பிடுங்கிய ஒவ்வொரு செடியின் இலையிலும் அதால் ஒரு ஓட்டை போட்ட பிறகுதான் சாக்கில் திணிப்பார். அது எதற்கு என்று டீச்சர் கேட்டதற்கு, "கேன்சல் பண்ணாம எப்படிம்மா இறக்கிவிடறது?" என்றார்.

அதே வாரம் டீச்சர் இரண்டு மாதமாக வளர்த்து நட்டிருந்த கோரை நாற்று முழுவதையும் மாமா களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டார். டீச்சர் கரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். மாமா பதிவேட்டைத் திறந்து, தன் பெயரை எழுதி, எதிரே "இருபது சாக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபதையும் தனியாகச் சுமந்தார், கோரையையும் திரும்ப நட்டார். அவரைப் பற்றி நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். மனுஷன் அடுத்தவருக்கு ஒரு தராசு, தனக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொண்டதில்லை.

ஆனால் வீட்டில் அவர் செய்தது வேறு. அக்கா முன்வாசலில் எட்டுத் தொட்டிகளில் பூச்செடி வைத்திருந்தாள். அதெல்லாம் இந்த மண்ணின் சொந்தச் செடிகளா என்று மாமா டீச்சரிடம் கேட்டார். "இல்ல சார், ஆனா வீட்டுத் தொட்டியில இருந்தா ஒண்ணும் தப்பில்ல," என்றார் டீச்சர். மாமா "இல்ல சார்" வரைக்கும்தான் காதில் வாங்கினார். அன்று மதியமே எட்டுத் தொட்டியும் காலி. அக்கா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "வீடு இப்பத்தான் அமைதியா இருக்கு," என்று என்னிடம் சந்தோஷப்பட்டார்.

ஒன்றரை வருடத்தில் ஏரியின் வடக்கு மூலை திறந்துகொண்டது. தண்ணீர் வெயிலில் பளபளத்தது. ஒரு ஜோடி நீர்க்கோழி வந்து கோரைக்குள் கூடு கட்டியது. வங்கி ஊழியர்களின் தொப்பைகூடக் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அப்போதுதான் வினை ஆரம்பித்தது. சுத்தம் செய்த அதே மூலையில், வடிகால் வந்து விழும் வாயருகே, வாராவாரம் ஏழெட்டு புது ஆகாயத்தாமரைகள் மிதந்தன.

"யாரோ கொண்டுவந்து போடறான்," என்றார் மாமா. பழைய ஆள் திரும்பிவிட்டார். வடிகால் ஓரத்துத் தெருக்களில் வீடு வீடாக மணியடித்து, "தொட்டி இருக்கா? திறந்து காட்டுங்க," என்றார். ஒரு வீட்டில் மீன் தொட்டியைச் சோதித்தார். ஒரு தாத்தா பயந்துபோய் தன் ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினாராம். தன் தெருவிலும் எல்லா வீட்டையும் பார்த்தார், தன் வீட்டைத் தவிர. பிறகு என் கடையில் ஒரு அறிவிப்பை அச்சடித்துக் கரையில் கட்டினார்: "பிடிபடுபவர் பெயர் ஞாயிறு காலை அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். நாற்பது சாக்கு. யாராக இருந்தாலும் விலக்கு இல்லை." கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். நான் லேமினேஷனும் செய்து கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எட்டு மணி இருக்கும். மெக்கானிக் டியூபில் மிதந்தபடி வடிகால் வாயிலிருந்து ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சார், இந்தப் பாசஞ்சரை நீங்க ஏற்கெனவே இறக்கிவிட்டிருக்கீங்க சார்!"

இலையில் அச்சு அசலாக மாமாவின் பஞ்ச் ஓட்டை.

மாமா அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக ஒரு கண்ணால் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். டீச்சர்கூட ஒரு அடி பின்னால் போனார். கேன்சல் ஆன செடி திரும்பப் பயணம் செய்கிறது என்றால் அது உள்ளே இருக்கும் ஆளின் வேலைதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "மாப்ள, வா," என்றார். வடிகால் ஓரமாகவே மேலே நடக்க ஆரம்பித்தோம்.

சேறு, உடைந்த சிமென்ட் சிலாப், யாரோ வீசிய ஒற்றைச் செருப்பு. முக்கால் மணி நேரம் நடந்து ஒரு பாசி படிந்த உயரமான சுவருக்குக் கீழே வந்தோம். சுவரடியில் இரண்டு செடிகள் சிக்கிக் கிடந்தன. "இங்கதான்," என்று கிசுகிசுத்தார் மாமா. அப்போது சுவருக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. ஒரு பேசின் கவிழ்ந்தது. தண்ணீரும் பத்துப் பன்னிரண்டு ஆகாயத்தாமரையும் மாமாவின் தலையில் விழுந்தன. ஒரு ஊதாப்பூ காதருகே வந்து நின்றது.

"யாருடா அது!" என்று கத்தினார். "இது எவன் வீடு?"

நான் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டேன். சிறு வயதில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கைகள். "மாமா, இது உங்க வீடு," என்றேன்.

"என் வீட்டுக்கு இப்படி ஒரு சுவரு எங்க இருக்கு?" என்றார் அவர். சத்தியமாகத்தான் கேட்டார். அந்த வீட்டில் குடிவந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஒரு நாள்கூடப் பின்பக்கம் போய்ப் பார்த்ததில்லை.

விஷயம் சின்னதுதான். ஓட்டை போட்டும் சாக்கில் இடமில்லாத கடைசி ஒன்றிரண்டு செடிகள் மாமாவின் வாளியில் கிடக்கும். சேற்று வாளியை வாராவாரம் அக்கா தலையில் கட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அக்கா கழுவும்போது அதில் ஒன்று பூத்திருந்தது. பாவம், அழகாக இருக்கிறதே என்று, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு பழைய தொட்டியில் விட்டாள். அது பெருகியது. தொட்டி நிரம்பும்போதெல்லாம் மிச்சத்தைச் சுவருக்கு வெளியே கொட்டினாள். ஆக, வாராவாரம் மாமா பிடுங்கியதை அக்கா வளர்த்து அனுப்ப, அக்கா அனுப்பியதை மாமா பிடுங்கிக்கொண்டிருந்தார். குடும்பமே ஒற்றுமையாக உழைத்திருக்கிறது.

மாமா ஈரம் சொட்டச் சொட்டப் பின்கட்டில் நின்றார். "எவ்வளவு நாளா?"

"பூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து," என்றாள் அக்கா.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா பிடுங்குவீங்க. எட்டுத் தொட்டியைப் பிடுங்கினப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா ஏரிக்குப் போறேன், ஏரிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறீங்க. நீயும் வர்றியான்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? அந்த ஏரி எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

அவள் குரல் உடைந்தது. மாமா பூவைக் காதிலிருந்து எடுக்கக்கூட மறந்து நின்றார்.

"பேரை வாசிக்கறேன்னு போர்டு வெச்சிருக்கீங்களாமே," என்றாள் அக்கா. "வாசிங்க. ஊருக்கு முன்னால என் பேரை வாசிச்ச அன்னைக்கே நான் தம்பியோட போயிடுவேன்."

நான் இருப்பது கடை மாடியில் ஒரே ஒரு அறை. அதில் பாதி பேப்பர் கட்டு. ஆனால் அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது கட்டிலின்மேல் பை தயாராக இருந்தது. மாமா மேசையில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவையே விடாத மனுஷன் இவளை விடுவாரா? விட்டால் அவர் அவரில்லை. விடாவிட்டால் அக்கா இல்லை. அந்த வாரம் முழுவதும் என் கடையில் எந்த நகலும் நேராக விழவில்லை.

ஞாயிறு காலை அக்கா பையோடு கரைக்கு வந்தாள். முதல்முறையாக ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் விளிம்புவரை இறங்கிப் போய் நின்றாள். மாமா பதிவேட்டைப் பிரித்தார். முதலில் தன் பெயரை வாசித்தார். பிறகு ரயில்வேயில் தன் பணி எண்ணையும் சேர்த்து வாசித்தார்.

"வாளியைக் கழுவாம செடியை வீட்டுக்குக் கொண்டுபோனது நான். அவ ஒரு பூவை வளர்த்தா. வளர்க்க வேற எதையும் நான் அவளுக்கு மிச்சம் வைக்கலை. அது என்ன பூன்னு அவளை நான் கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். கேக்கலை. நாற்பது சாக்கு."

கையெழுத்துப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் டியூபில் சுற்றிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். அக்கா பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். நான் என் அறையை மனதுக்குள் காலி செய்ய ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, நேராகத் தன் வீட்டுக்கு நடந்தாள். அன்று மதியமே தொட்டியிலிருந்த செடிகளெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பிடுங்கிப் போட்டது அவளேதான்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு மாமா வரவில்லை. ஆறேகால் ஆனது. டீச்சர் கவலைப்பட்டார். ஆறரைக்கு அரைகுறையாகப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். தனியாகத்தான் வந்தார். ஆனால் முகத்தில், பதவி உயர்வு கிடைத்தவர்போல ஒரு களை.

"கேட்டேன் மாப்ள," என்றார், மூச்சு வாங்க. "வர்றியான்னு கேட்டேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"இன்னைக்குத் தூங்கணுமாம். போயிட்டு வரச் சொன்னா." சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த வாரமும் கேக்கச் சொல்லியிருக்கா."