நாலு விரல் துணி

என் பிளவுஸ் துணியை இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்த புஷ்பபாயைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அவரையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் சாலையில், சபைக்கோயிலை அடுத்த ஒற்றை அறைதான் அவள் தையல்கடை. நான் மரகதவல்லி, நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருஷமாக என் அளவு அவளுக்கு மனப்பாடம். மற்றவர்கள் ஒட்ட வெட்டி மிச்சத்தை வீசிவிடுவார்கள். புஷ்பபாய் ஒவ்வொரு தையலுக்கும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டு வைப்பாள். "உடம்பு இன்னைக்கிப் போல நாளைக்கி இருக்குமா அக்கா" என்பாள். பிரமோஷன் கிடைத்து நாற்காலியில் உட்கார்ந்தே நான் பெருத்தபோது, என் பிளவுஸ் அத்தனையையும் இரண்டு தடவை பிரித்து விட்டுக் கொடுத்தாள். ஒன்றைக்கூட வீச வேண்டி வரவில்லை.

அவளுக்கு ஒரே மகள், லிஷா. அயர்லாந்தில் நர்ஸ். போன வருஷம் உண்டானாள். பிரசவத்துக்குப் போக புஷ்பபாய் இரண்டு முறை விசாவுக்கு எழுதிப் போட்டாள். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் இருந்தபோதுதான் லிஷா ஒரு படம் அனுப்பினாள். கூட வேலை செய்யும் பெண்ணின் குழந்தைக்கு யாரோ தைத்துக் கொடுத்த கனத்த போர்வை. துண்டுத் துணிகளைச் சேர்த்து, முனை கூர்மையான நட்சத்திரங்களாகத் தைத்திருந்தது. குயில்ட் என்று பேராம்.

"அம்மா, ஒனக்கு வரத்தான் முடியல்ல. இதுபோல ஒண்ணு தச்சு அனுப்புவியா? பிள்ளைய மொதல்ல அதிலதான் பொதியணும்" என்று குரல் பதிந்து அனுப்பியிருந்தாள்.

புஷ்பபாய் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். "கிறிஸ்மஸுக்கு நாளொண்ணுக்குப் பத்து பிளவுஸ் தைக்குதவளாக்கும் நான். இதெல்லாம் ஒரு காரியமா அக்கா?"

அயர்லாந்தில் லிஷா இருக்கும் ஊரிலேயே வேலை பார்க்கும் ஜித்தின் லீவுக்கு வந்திருந்தான். நவம்பர் கடைசி ஞாயிறு அவனுக்குத் திரும்பும் விமானம். அவன் பெட்டியில் போர்வை போகாவிட்டால் குழந்தை பிறக்கும்போது அது அங்கே இருக்காது. அவ்வளவுதான் கணக்கு.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டாள். அந்த வித்தையில் காகிதம்தான் முதலாளி. கோடும் எண்ணும் அச்சடித்த காகிதத்தின் அடியில் துணியை வைத்து, மேலே தெரியும் கோட்டில் தைக்க வேண்டும். தைக்கிறவள் கண்ணுக்குத் துணி தெரியாது. ஒன்றாம் துண்டைத் தைத்து மடித்த பிறகுதான் இரண்டாம் துண்டு. வரிசை தப்பினால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே இதைச் செய்தாள். புஷ்பபாய் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அந்தக் கோட்டுப் படத்தை அச்செடுக்கப் போனால், போட்டோஸ்டாட் கடை கனகதாஸ், "இதெந்தா சேச்சீ, ராக்கெட்டின்றெ படமோ?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தான். முதல் நட்சத்திரத்தில் துணியை மடித்தபோது ஒரு மூலை மூடவில்லை. இரண்டாவதில் காகிதத்தைக் கிழித்தபோது தையலும் கூடவே வந்தது. பிளவுஸுக்குப் போடும் தையல் இதற்கு ஆகாது, மிகச் சின்னதாகப் போட்டால்தான் காகிதம் சுளுவாகக் கிழியும் என்று அவளே கண்டுபிடித்தாள். நாலாம் தடவை போனபோது கனகதாஸ் சிரிக்கவில்லை. மெல்லிய காகிதமாகத் தேடி எடுத்து அச்சடித்துக் கொடுத்தான்.

என் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சண்டைக்கென்றே போனேன். "எட்டி புஷ்பம், எனக்க பிளவுஸ் எங்க?"

அவள் மேஜையைக் காட்டினாள். போர்வைக்கு வேண்டிய ஒன்பது நட்சத்திரத்தில் ஆறு முடிந்திருந்தன. ஆனால் எட்டு முனையும் சேரும் நடு இடம் ஒவ்வொன்றிலும் கட்டியாகப் புடைத்து நின்றது. மெஷினில் மூன்றாவது ஊசியும் உடைந்திருந்தது. நான் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே இரண்டு விரல் துணி.

"அந்த வெள்ளைக்காரி கால் இஞ்ச் விட்டு மிச்சத்தை வெட்டுதாளே, நீ பாக்கல்லியா?"

"பாத்தேன். கை வரல்ல அக்கா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "ஒட்ட வெட்டினா, பிறவு பிரிச்சு விட உள்ள என்ன இருக்கும்?"

சண்டைக்கு வந்தவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். "நட்சத்திரத்துக்கு உடம்பு பெருக்காது, புஷ்பம். வெட்டு."

ஒரு தையலுக்குள் இன்னொன்றாக மாட்டிக்கொண்ட துணியை இனி வெட்ட வழியில்லை. ஆறையும் தூக்கிப் பையில் போட்டாள். ஜித்தினின் விமானத்துக்கு இருபத்திரண்டு நாள்தான் பாக்கி. புதுக் காகிதத்தில் முதல் தையல் போட்டுக் கத்திரியை எடுத்தாள். மூன்று தரம் துணியில் வைத்து மூன்று தரமும் எடுத்தாள். நாலாவது தரம் கால் இஞ்ச் விட்டு வெட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அந்த வழியாகப் போனேன். கடைவாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்து, ஒரு நட்சத்திரத்திலிருந்து கடைசிக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எட்டு முனையும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்திருந்தன. தடவினால் கைக்கு ஒன்றும் தட்டவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், கைக்குப் பழகிய வித்தையை மறந்து புதிதாகக் கற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வந்தபோது கோர்ட்டில் நான் பட்ட பாடு அப்படி. பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் பிடித்துவிடும்.

கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் போர்வை முடிந்தது. முப்பது வருஷம் சேர்ந்த வெட்டுத்துண்டுகளில் பொறுக்கி எடுத்த பருத்தி எல்லாம். மூன்றாவது நட்சத்திரத்தில் என் இளம்பச்சைப் பிளவுஸின் துண்டும் இருந்தது. குமாஸ்தா புத்தி போகுமா? குற்றம் கண்டுபிடிக்கவே விளிம்பைத் தடவிப் பார்த்தேன். நாலு பக்கமும் தடிப்பாக இருந்தது.

"இங்க மட்டும் ஏன் இப்பிடி?"

புஷ்பபாய் என் கையிலிருந்து அதை வாங்கி மடித்தாள். "சுத்திலும் நாலு விரல் உள்ள மடக்கி வச்சிருக்கேன் அக்கா. பிள்ள வளருமில்லியா?"

"அங்க ஆருக்குப் பிரிக்கத் தெரியும்?"

"ஆரும் தொடப்பிடாதுன்னு லிஷாகிட்ட சொல்லியாச்சு" என்றாள். "நான் போய் பிரிச்சு விடுவேன்."

ஜித்தின் வந்து வாங்கிக்கொண்டு போனான். கல்யாணத்துக்கு நான் பழைய பிளவுஸிலேயே போய் வந்திருந்தேன்; புதுத் துணி வெட்டாமலே அவள் அலமாரியில் கிடந்தது. நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவளுடைய மூன்றாவது விசா விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதினேன்.