பின் அச்சின் பூட்டு

நான் ஓட்டிய லாரி பட்டாளத்தில் இருந்து வந்தது. உலக யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் போன அந்த மாதிரி வண்டிகளை எங்கள் பக்கம் டிஸ்போசல் லாரி என்பார்கள். முன்சக்கரமும் இழுக்கும், பின்சக்கரமும் இழுக்கும். அதை நம்பித்தான் என் முதலாளி மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளைப் பேசி முடித்திருந்தார். காலையில் திண்டிவனத்திலிருந்து காலி வண்டியாகப் போய், மத்தியானத்துக்கு மேல் கட்டை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஏற்றி இறக்க ஏழு பெண்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி. திரும்பும்போது ஏழு பேரும் கட்டை மேலேயே உட்கார்ந்து வருவார்கள்.

நாலு சக்கரமும் இழுக்கும் என்பது பேச்சுக்குத்தான். மணலில் ஒரு பின்சக்கரம் பிடி விட்டால் எஞ்சினின் வேகமெல்லாம் அதற்கே போய்விடும். அது சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றது சும்மா நிற்கும். முன்னாலும் அதே கதைதான். அந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் மூன்று தடவை மாட்டிக்கொண்டோம். மூன்றாவது தடவை நாங்கள் வந்து சேர்வதற்குள் கட்டை ஏற்ற வேண்டிய ரயில் வேகன் போய்விட்டது. மறுநாள் முதலாளி என்னையும் வண்டியையும் விழுப்புரத்துப் பட்டறைக்கு அழைத்துப் போனார்.

பட்டறை மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சின் நடுவில் குடம் மாதிரி உப்பியிருக்கும் டிபரன்ஷியலை ஸ்பானரால் தட்டினார்.

"இதுக்குள்ள சின்னதா நாலு பல்சக்கரம் இருக்குது மொதலாளி. அதுங்க இருக்கிறதாலதான் ரெண்டு பக்கமும் தனித்தனியா சுத்துது. நாலையும் ஒண்ணா சேத்து வெல்டிங் வெச்சிட்டா முடிஞ்சுது. ரெண்டு சக்கரமும் ஒரே கட்டையாட்டம் சுத்தும். மணலு இன்னா, சேறு இன்னா, போய்க்கினே இருக்கும்."

"வேற வழி?"

"வேற பட்டாள வண்டியோட அச்சு ஒண்ணு கொல்லையில கெடக்குது. அதுல பூட்டு இருக்குது. டிரைவரு பக்கத்துல ஒரு தடி வரும். மணல்ல தள்ளுனா பூட்டிக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் இழுத்தா உட்டுடும். ஆனா லேத்து வேலை இருக்குது, பத்து நாளாவது ஆவும். அப்புறம் மறக்காம இழுக்கணும்."

"மறக்காம இழுக்கணுமா? யாரு, இவனா?" முதலாளி என்னைப் பார்த்தார். "போன வருசம் சேத்துல போட்ட முன்சக்கர கியரை எடுக்காம திண்டிவனம் வரைக்கும் ஓட்டிக்கினு வந்தான் மேஸ்திரி. டயரு ரெண்டும் போச்சு. கேட்டா தலையைச் சொறிஞ்சிக்கினு நிக்கிறான். நீ வெல்டிங்கே வெச்சிடு. இவன் மறதிக்கும் சேத்து வெச்சிடு."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. இந்த வயதிலும் அப்படித்தான்.

அப்போது பட்டறை வாசலில் கல் குவாரி லாரி ஒன்று நின்றது. அதற்கு ஏற்கெனவே வெல்டிங் வைத்திருந்தார்கள். "ஒரு சுத்து ஓட்டிப் பாருப்பா, தெரியும்" என்று மேஸ்திரி என்னை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். லேசாகத் தூறி, ரோடு நனைந்திருந்தது. நேர் ரோட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். முன்சக்கரங்கள் திரும்பின. வண்டி திரும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி நேராகவே போனது. முன்னால் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். அதன் பின்பக்கத்துக்கும் எங்கள் முன்பக்கத்துக்கும் ஒரு முழம் இருக்கும்போது லாரி நின்றது.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாய்யா, மூட்டையோட என்னையும் ஏத்திக்கினு போலாம்னு வந்தியா?" என்றார்.

"வளைவுல இன்னும் மெதுவா வரணும்" என்றார் மேஸ்திரி. "நாலு நாள்ல கைக்குப் பழகிடும்."

அது காலி லாரி. நான் ஓட்டப்போவது கட்டை லாரி. கட்டை மேல் ஏழு பேர். திண்டிவனம் போகும் ரோட்டில் ஏரிக்கரை ஓரமாக ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் புளியமரங்கள், மறுபக்கம் தண்ணீர். பட்டறைக்குத் திரும்பும் வரைக்கும் எனக்கு அந்த வளைவு மட்டுந்தான் தெரிந்துகொண்டிருந்தது.

"இன்னா, நல்லா இருக்குதா?" என்று முதலாளி கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

ஏன் ஆட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேஸ்திரி உடனே ஆள் விட்டு ஆயிலை வடிக்கச் சொன்னார். அந்த ஆள் குடத்தைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகரத் தட்டில் போட்டான். ஒவ்வொன்று விழும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். குடித்து முடித்தார். இன்னும் இரண்டு போல்ட்டுதான் பாக்கி.

"வெல்டிங் வேணாம் மொதலாளி."

"இப்பத்தானேடா தலையை ஆட்டுன?"

"பின்னாடி பொம்பளைங்க குந்திக்கினு வர்றாங்க."

"அதுக்கு?"

"வளைவுல வண்டி திரும்பலை."

"மேஸ்திரி பழகிடும்னு சொல்றாரு இல்ல?"

"பழகுற வரைக்கும் அவங்கதானே மேல குந்திக்கினு வரணும்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வெல்டிங் வெச்சா நான் ஓட்டலை."

போல்ட் கழற்றியவன் கையை நிறுத்தினான். முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தடி வேணுமா ஒனக்கு?"

"வேணும்."

"சரி. ஆனா ஒரே ஒரு நாளு மறந்தேன்னு என் காதுல உழுந்துது, அன்னைக்கே வெல்டிங். வண்டிக்கும் வேற ஆளு."

அச்சை மாற்றி முடித்த அன்றைக்கு மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "வண்டி திரும்பிக்கினு இருக்கும்போது இழுத்தா தடி வராது, பல்லு கவ்விக்கினு இருக்கும். நேரா நிக்கணும், இல்லைன்னா நேரா ஓடணும். ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துடணும். அப்ப இழு, லேசா வந்துடும்."

பூட்டு நன்றாக வேலை செய்தது. தோப்பு மணலில் தடியைத் தள்ளினால் வண்டி முனகிக்கொண்டே ஏறி வந்துவிடும். மணல் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில் பெண்கள் தினமும் இறங்குவார்கள். தோப்பில் உதிர்ந்த சவுக்கு மிலாறுச் சுள்ளியைப் பொறுக்கி அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கும் முதலாளிக்கும் உள்ள பேச்சு. அதை அங்கே நின்று கட்டாகக் கட்டி, புடவையில் ஒட்டிய மணலை உதறிவிட்டு மறுபடி ஏறுவார்கள். அவர்கள் இறங்கும்போது நான் தடியை இழுத்துவிடுவேன். தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர்கள் இறங்கினால் என் கை தானாகத் தடிக்குப் போகும்.

கார்த்திகையில் ஒரு நாள் தோப்பிலேயே மழை பிடித்துக்கொண்டது. மிலாறெல்லாம் நனைந்துவிட்டது, யாரும் பொறுக்கவில்லை. ஏழு பேரும் கட்டை மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தார் ரோட்டு முனையில் நான் வேகத்தைக் குறைத்தேன். மேலே கேபின் கூரையைத் தட்டி என் மனைவி கத்தினாள்.

"யோவ், யாரும் எறங்கலை. ஜல்தியா போய்யா, கொழந்தைங்க பசியோட இருக்கும்."

நான் நிறுத்தாமல் போய்விட்டேன்.

ரோடு நேராக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மழைச் சத்தத்தில் டயர் சத்தமும் கேட்கவில்லை. மேலே அவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஏரி வந்தது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி நேராகப் போனது.

ஸ்டியரிங் அப்படி ஏமாற்றுவது விழுப்புரத்து வெல்டிங் லாரியிலேயே என் கைக்குத் தெரிந்திருந்தது; பூட்டை எடுக்காமல் வந்திருக்கிறேன். தடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. பிரேக்கை மிதித்தால் ஈர ரோட்டில் பின்பக்கம் சுழன்று கட்டை சரியும். மேஸ்திரி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வண்டி நேராக ஓட வேண்டும். நேராக என்றால் ஏரிப் பக்கம்.

ஸ்டியரிங்கை ஏரியைப் பார்த்து நேராக்கினேன். காலை எடுத்தேன். கண்ணாடி முழுக்கத் தண்ணீர்தான் தெரிந்தது. தடியை இழுத்தேன். அடியில் டணக்கென்று ஒரு சத்தம் கேட்டது, தடி கையோடு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். இந்தத் தடவை வண்டி திரும்பியது. இடது பின்சக்கரம் கரை ஓரத்து மண்ணைச் சரித்துக்கொண்டு மேலே ஏறியது. புளியமரத்தடியில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.

மேலே சிரிப்பு நின்றுபோயிருந்தது. மனைவி இறங்கி வந்து கதவைத் திறந்தாள்.

"இன்னாய்யா, எங்களை ஏரியில குளிப்பாட்டலாம்னு பாத்தியா?"

நான் தடியைக் காட்டினேன். "இழுக்க மறந்துட்டேன்."

மற்றவர்களும் இறங்கி வந்து நின்றார்கள். எல்லோரிலும் மூத்தவர் சக்கரம் சரித்த மண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அதுக்கு எதுக்குய்யா மொவத்தை இப்படி வெச்சிக்கினு இருக்கிற? கரையேறிட்டோம் இல்ல?" என்றார். பட்டறையில் நடந்ததையும், முதலாளி வைத்த நிபந்தனையையும் நான் மழையில் நின்றபடி அவர்களிடம் சொன்னேன். ஏழு பேரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவருகிட்ட சொல்லித் தொலைக்காத" என்றாள் மனைவி. "நாங்க எறங்குனாதான் ஒனக்கு ஞாபகம் வருதா? சரி. இனிமே மழையோ வெயிலோ, அந்த மொனையில நிறுத்து. நான் மூணு தட்டு தட்டுவேன். தடி வந்த சத்தம் எங்களுக்குக் கேக்கணும். கேக்கலைன்னா மேல ஒருத்தியும் குந்த மாட்டோம்."

அதன்பின் லாரி விற்கும்வரை அப்படித்தான் நடந்தது. முனையில் நிறுத்துவேன். கூரையில் மூன்று தட்டு. தடியை இழுப்பேன். டணக். பிறகுதான் மேலிருந்து, "போலாம்" என்று ஏழு குரலும் வரும்.

ஒரு நாள் முதலாளி தோப்பைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முனையில் நிறுத்தினேன். கூரையில் தட்டினார்கள்.

"இன்னாடா சத்தம்?"

"எல்லாரும் ஏறிட்டாங்கன்னு சொல்றாங்க மொதலாளி" என்றேன். தலையைச் சொறியாமல் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.