மூன்றாம் கட்டத்துப் பறவை

என் கணவர் செய்து தந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தோம்; அது குப்புற விழுந்தது. வாழைச்சேனை ஆற்றங்கரையில், பழுது பார்க்கப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே, மணலில்தான் விழுந்தது என்பதால் சேதம் இல்லை. மறுபடி நிமிர்த்தினோம். மறுபடியும் விழுந்தது. அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தண்ணியில விட்டா நல்லா நிக்கும்," என்றார்.

தண்ணீரில் விடுவதற்கு நான் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டது வீடியோ கேம் பெட்டி. அந்தக் காலத்துக் கடைகளில் ஆளுயரத்துக்கு நிற்குமே, மேலே சாய்வாகத் திரையும், நெஞ்சளவில் ஒரு பிடியும் நாலைந்து பட்டன்களும் வைத்து, அந்தப் பெட்டி. அவரோ பைபர் படகு கட்டியும் ஒட்டியும் பிழைக்கிற மனிதர். பனிச்சங்கேணியில் பிறந்து, பாதி நாள் தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து, என்னைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தவர். தட்டையான அடிப்பாகம் என்ற ஒன்று அவர் கைக்குத் தெரியாது. எதைச் செய்தாலும் கீழே வளைந்துதான் வரும். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் பெட்டியையும் சேர்த்து ஆற்றில் தள்ளியிருப்பேன், சிரிப்பு முந்திக்கொண்டது.

அவசரம் இருந்தது. கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி லீவில் வர இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அவன் வருவதற்குள் பெட்டி முடிய வேண்டும். அதில் ஒரே ஒரு விளையாட்டு ஓட வேண்டும். அந்த விளையாட்டில் நான் அவனைத் தோற்கடிக்க வேண்டும். இருபது வருசமாக மனதில் கிடந்த ஆசை அது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சண்டை ஓய்ந்திருந்த, சமாதான காலம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கொஞ்ச வருசத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டமாவடியில் ஒருவர் கேம் கடை திறந்தார். கொழும்பிலிருந்து லொறியில் வந்த பழைய பெட்டிகள் இரண்டு. தம்பிக்கு அப்போது பத்து வயது. எனக்குப் பதின்மூன்று; பெரிய பிள்ளையாகி வீட்டோடு ஒதுங்கிய வருசம். நான் ரியூசனுக்குப் போய் வருவதே அம்மாவின் கண்ணுக்குப் பெரிய ஊர்வலம். இதில் கேம் கடைக்குள் பெண்பிள்ளை போவதாவது. பஸ் அந்த வழியால் போகும்போது எட்டிப் பார்ப்பேன். வாசலை அடைத்துக்கொண்டு பொடியன்மாரின் முதுகுகள் தெரியும். முதுகுகளுக்கு இடையில் கொஞ்சம் நீல வெளிச்சம் தெரியும். நான் கண்டது அவ்வளவுதான்.

மிச்சத்தைத் தம்பி கொண்டுவந்தான். பின்னேரம் நான் பின்வாசலில் துருவலையில் குந்தி இராச்சாப்பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். அவன் பாலத்தைக் கடந்து ஓடி வந்து, மூச்சு வாங்க எனக்கு முன்னால் நிற்பான். "அக்கா, இண்டைக்கு என்ன நடந்த தெரியுமா?" என்று தொடங்குவான். கீழே கடல், கடலில் தீவுகள், மேலே சின்ன விமானம், அதுதான் அவன். பச்சை விமானங்கள் மூன்று மூன்றாக வரும், அவன் சுடுவான். இரண்டாம் கட்டத்தில் பெரிய கப்பல் வரும், அதையும் முடிப்பான்.

"மறுகா?" என்பேன் நான். எங்கள் பக்கத்தில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

மறுகா மூன்றாம் கட்டம். கடலில் கிடக்கிற தீவு ஒன்று மெல்ல அசையும். தீவு என்று நினைத்துக் கிட்டப் போனால் அது தீவு இல்லை, இரும்புப் பறவை. சிறகை விரித்து எழும்பி, விமானத்தைக் காலில் கவ்விக்கொண்டு போய்த் தன் கூட்டில் போடும். கூட்டில் முட்டைகள். முட்டைகளுக்குள், முன்னம் பிடிபட்ட விமானக்காரர்கள் உயிரோடு இருப்பார்கள். அவர்களை ஒவ்வொருவராக விடுவிக்க வேண்டும். தம்பி ஒவ்வொரு பின்னேரமும் விடுவித்தான். நான் துருவலையில் வைத்த கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே அம்மா, "தேங்காப்பால் எங்க புள்ள?" என்று கத்துவா.

எனக்கு அவன்மேல் எவ்வளவு பொறாமை என்று சொல்லி முடியாது. சோற்றில் பங்கு, மீனில் பங்கு, எல்லாவற்றிலும் சண்டை பிடித்து வாங்கிய எனக்கு, அந்தப் பறவையில் மட்டும் பங்கு கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு நானும் அந்தப் பிடியைப் பிடித்து, அவன் கண் முன்னால் அந்த முட்டைகளை உடைப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். கடை பிறகு பூட்டுப்பட்டது. தம்பி வளர்ந்தான், கல்யாணம் முடித்து வெல்லாவெளிக்குப் போனான், அங்கிருந்து கட்டாருக்குப் போனான். நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி, டைப்பிங் என்று சின்னக் கடை போட்டேன். ஆசை மட்டும் அப்படியே கிடந்தது.

கடையில் பழைய கொம்பியூட்டர் ஒன்று மூலையில் கிடந்தது, கூடவே முதுகு புடைத்த பழைய மொனிட்டர். அதைத் தூக்கி எறிய மனம் வராமல் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. பிடியும் பட்டன்களும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தன. முதலில் கடையில் விற்கிற பலகை வாங்கி நானே வெட்டி அடித்தேன். மாரி மழை தொடங்கியதும் அது தேத்தண்ணியில் நனைத்த பாண் துண்டு மாதிரி ஊதிப்போயிற்று. அதைப் பார்த்துத்தான் என் கணவர், "விடுகா, நான் பைபர்ல செய்து தாறன். மழை இல்ல, கடலே வந்தாலும் ஒண்டும் ஆகா," என்றார்.

அப்படிச் செய்த பெட்டிதான் குப்புற விழுந்தது. அடியைத் தட்டையாக வெட்டினால் உறுதி போய்விடும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் வளைவுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஒட்டி, உள்ளே அடியில் சீமெந்தும் கொட்டினார். பெட்டி நின்றது. நின்றது என்றால் இனித் தனி ஆளால் அசைக்க முடியாதபடி நின்றது. யாருடைய படகுக்கோ அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை அடித்து, நடுவில் ஒரு சிவப்புக் கோடும் இழுத்தார். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது.

கரையிலிருந்து வீட்டுக்கு அதை நாலைந்து மீன்காரர்கள் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ரோட்டில் நின்றவர்கள், "இது எந்தக் கடலுக்கு?" என்று கேட்டார்கள். "இது வீட்டுக்குள்ள ஓடுற போட்," என்றார் என் கணவர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு. வீட்டுக்குள் இறக்கியதும், புதுப் படகுக்கு வைப்பது போல அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். நல்லது நடக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

வயர் வேலை என்னுடையது. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர், பிடிக்கு நாலு பக்கமும் தனித்தனி. எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சின்ன போர்ட் ஒன்றில் குத்தி, அங்கிருந்து கொம்பியூட்டருக்கு. முதல் தரம் ஓட விட்டபோது பிடியை முன்னுக்குத் தள்ளினால் விமானம் பின்னுக்குப் போனது. "ரிவர்ஸ்ல ஓடுது," என்று அவர் சிரித்தார். "நீங்க கட்டின பெட்டி நிக்கவே இல்ல, என்ட விமானம் பறக்குதா இல்லையா?" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். வயரை மாற்றிக் குத்தினேன். பட்டனை அழுத்தும்போது வரும் டிக் என்ற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவே பத்துத் தரம் அழுத்தினேன். கடலும் தீவுகளும் பச்சை விமானங்களும் தம்பி சொன்னபடியே இருந்த விளையாட்டைத் தேடிக் கண்டுபிடித்து ஏற்றியிருந்தேன். மூன்று மூன்றாக வந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

பிரச்சினை பிறகுதான் வந்தது. தினமும் கடை பூட்டி வந்து பழகி, இரண்டாம் கட்டத்துக் கப்பலை உடைத்து, ஒரு வழியாக மூன்றாம் கட்டத்துக்குப் போனேன். தீவுகள் வந்தன. அசையவில்லை. பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு விமானங்கள் வந்தன, அவ்வளவுதான். இது வேறு பதிப்பாக இருக்கும் என்று நினைத்து இன்னொன்றைத் தேடி ஏற்றினேன். அதிலும் இல்லை. கிடைத்த பதிப்பு ஒவ்வொன்றிலும் மூன்றாம் கட்டம் வரை செத்துச் செத்துப் போய்ப் பார்த்தேன். பறவையைக் காணவில்லை. பெட்டி இருந்து என்ன, தம்பியின் விளையாட்டு இல்லாமல் அவனை எதில் தோற்கடிப்பது?

வட்ஸ்அப்பில் அவனிடமே கேட்டேன், பெட்டி விசயத்தைச் சொல்லாமல். "டேய், அந்தக் கேம்ல பறவை வாறது எத்தினையாம் கட்டம்?" கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "மூண்டு. நாலாவும் இருக்கும். வேலையில நிக்கன் அக்கா, மறுகா கதைக்கிறன்." பிறகு அவன் கதைக்கவேயில்லை. நாலையும் பார்த்தேன், ஐந்தையும் பார்த்தேன். என் கணவர், "பறவை பறந்து போயிருக்கும், விடுகா," என்றார். நான் லேசில் விடுகிற ஆளா? கொம்பியூட்டரைத் திட்டினேன், வயரைத் திட்டினேன். தம்பியைச் சந்தேகப்பட மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அவன் வந்தான். பேரீச்சம்பழமும் சவர்க்காரமும் நிறைந்த பெட்டியை வெல்லாவெளியில் மனைவியிடம் இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் பின்னேரமே எங்களிடம் வந்தான். நான் அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நீலப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திச் சுவிட்சைப் போட்டேன். கடல் தெரிந்தது. அவன் பெட்டியின் பக்கத்தைத் தடவினான். "நீயா அக்கா செய்த?" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நானும் அத்தானும். பறவை மட்டும் வருகுதில்ல. அது கிடக்கட்டும், நீ விளாடு. உன்ன இண்டைக்கு நான் விடமாட்டன்."

அவன் வலது கையால் பிடியைப் பிடித்தான். பிடி இருப்பது இடது பக்கம். இடது கையை வலது கைக்கு மேலால் கொண்டுபோய்ப் பட்டனைத் தேடினான். முதல் மூன்று பச்சை விமானங்களே அவனை முடித்துவிட்டன. "கை பழக்கம் விட்டுப் போச்சு," என்றான். இன்னொரு தரம் விளையாடினான். அதே மூன்று விமானங்கள். இன்னொரு தரம். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்கம் விட்டுப் போன கை இப்படி இருக்காது. சைக்கிள் பழகாதவனைச் சைக்கிளில் ஏற்றியது போல இருந்தது அது.

"டேய்," என்றேன். "நீ ஒரு நாளும் விளாடல்ல, என்ன?"

அவன் பிடியை விட்டான். சிரிக்கப் பார்த்தான். "ஆர் என்ன விட்ட?" என்றான். "எல்லாம் பெரிய பொடியன்மார். எனக்குப் பிடி எட்டவும் எட்டா. கடைக்காரருக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தா உள்ள நிக்க விடுவார். பின்னால நிண்டு, முதுகுகளுக்கு நடுவால பாப்பன். அவனுகளும் ரெண்டாம் கட்டத்தோட செத்துப் போவானுகள். மூண்டாம் கட்டத்த அந்தக் கடையில ஒருத்தனும் காணல்ல."

"அப்ப பறவை?"

"நீ விட்டாத்தானே. துருவலையில இரிந்துக்கு மறுகா மறுகா எண்டு கேட்டா, நான் என்ன செய்ய? பாலத்தால வரக்குள்ள யோசிச்சிட்டு வருவன்."

கதவடியில் நின்ற என் கணவர் சத்தமில்லாமல் தேத்தண்ணி போடக் குசினிப் பக்கம் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இருபது வருசம் இல்லாத பறவைக்குப் பொறாமைப்பட்டிருக்கிறேன், நாள் கணக்காக இல்லாத பறவையைத் தேடியிருக்கிறேன். அவன் முதுகில் ஒரு அடி வைத்தேன், நல்லா வலிக்கிற மாதிரி. பிறகு அந்தப் பத்து வயதுப் பொடியனை நினைத்தேன். அவன் உள்ளே, நான் வெளியே என்றல்லவா நினைத்திருந்தேன். அவன் கண்டதும் அதே முதுகுகளைத்தான், அதே நீல வெளிச்சத்தைத்தான். அதை வைத்துக்கொண்டு, எனக்காக, பாலம் முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன், கடைசியில் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

"தள்ளு," என்றேன். பிடியை இடது கையால் எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். மாறி மாறி விளையாடினோம். அவனைத் தோற்கடித்தேனா என்றால், தோற்கடித்தேன். அவனைத் தோற்கடிக்க அன்று ஒரு கோழியாலும் முடிந்திருக்கும். தேத்தண்ணி கொண்டுவந்த என் கணவரிடம் அவன், "கடைக்காரருக்கும் இப்பிடித்தான் அத்தான், சீனி கூட," என்றான்.

பிறகு ஒரு ஆட்டம் எனக்கு நன்றாகக் கை வந்தது. பச்சை விமானங்கள் போயின. கப்பல் போனது. தம்பி எனக்குப் பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் கட்டம் வந்தது. தீவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின, அசையாமல். சிவப்பு விமானம் ஒன்று வந்து என் கடைசி விமானத்தை முடித்தது. ஆட்டம் முடிந்தது என்ற எழுத்து திரையில் வந்தது.

நான் பிடியை விடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"மறுகா?" என்றேன்.

பின்னால் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"மறுகா," என்றான் தம்பி, "தீவு எண்டு நீ நினைச்ச ஒண்டு, அங்க பாரு, மெல்ல அசையுது."