சிவமலர் கண்ட கென்ட்

சிவமலர் இங்கிலாந்துக்குள் வந்தது கென்ட் மாவட்டத்தின் வழியாக. மூடிய லொறிக்குள் இருந்தபடியால் அங்கே ஒரு மரத்தைக்கூட அவர் காணவில்லை. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த ரீச்சருக்கு அது பெரிய மனக்குறை.

லண்டனில், எட்மண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தொரு வருடம் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் தொண்டு நிறுவனமொன்றின் பழைய புத்தகக் கடையில் சம்பளமில்லாமல் நின்றார். அங்கேதான் அட்டை கழன்ற கென்ட் சுற்றுலாக் கையேடு ஒன்று கையில் கிடைத்தது. ரயிலேறிக் கடற்கரைக்குப் போன அந்தக் காலத்துச் சனங்களுக்காக அச்சிட்டது. பின்பக்கத்தில் மடித்து ஒட்டிய வரைபடம். வருடம் எங்கேயும் இல்லை. போட்டால் அடுத்த வருடமே புத்தகம் பழசாகிவிடும் என்று பதிப்பாளர்கள் பயந்திருக்க வேண்டும்.

வரைபடத்தை வைத்தே வருடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சிவமலருக்குப் பட்டது. எந்த ரயில் பாதை வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை என்று பார்த்தால் போதும். பதினொரு வருடத்தில் நூற்று நாற்பது கையேடுகளை விரித்துப் பார்த்தார். எது எந்த ஆண்டுக்குரியது, யார் யாருடைய வரைபடத்தைப் பார்த்துக் கீறினார் என்றெல்லாம் கொப்பிகளில் எழுதினார். மகள் மேனுஷா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள்.

கடைக்கு அடிக்கடி வரும் பெல்லமி என்ற ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் பட்டியலைக் கேட்டார். "அருமை, மிஸஸ் சிவா. நாம் சேர்ந்து இதைப் புத்தகமாக்கவேண்டும்." முழுப்பெயரைச் சொல்ல அவர் ஒருநாளும் முயன்றதில்லை. மேனுஷா பட்டியலை அனுப்பினாள். பிறகு அவர் கடைப்பக்கம் வரவேயில்லை.

இரண்டு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. அட்டையில் பெல்லமியின் பெயர் மட்டும். நன்றியுரையில் 'புத்தகக் கடையின் அன்பான ஊழியர்களுக்கு' என்று ஒரு வரி.

"அம்மா, இது உங்கட லிஸ்ட்தானே?"

"பொறு, வாசிச்சு முடிக்கிறன்."

முப்பத்தேழாம் பக்கத்தில் சிவமலரின் விரல் நின்றது. கட்டப்போவதாக அறிவித்த கிளைப் பாதை ஒன்றை, கட்டி முடித்த பாதை என்று நினைத்து, சிவமலரே தன் பட்டியலில் ஒரு வரைபடத்துக்கு ஒன்பது வருடம் பிந்திய ஆண்டைப் போட்டிருந்தார். பட்டியலை அனுப்பிய பிறகுதான் பிழை தெரிந்து கொப்பியில் திருத்தினார். புத்தகத்தில் பிழை அப்படியே கிடந்தது.

"இங்க பார். மனிசன் வரைபடத்தை விரிச்சும் பாக்கேல்லை. பாத்திருந்தா, கட்டாத பாதைக்குப் போடுற அந்தப் புள்ளிக்கோடு கண்ணில பட்டிருக்கும்."

மேனுஷா பட்டியலை அனுப்பிய திகதி, பிழை, திருத்திய கொப்பியின் படம் எல்லாவற்றையும் போட்டு, அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதினாள். மூன்று கிழமையில் பதில் வந்தது: 'கவனமான வாசிப்புக்கு நன்றி. மறுபதிப்பில் திருத்துகிறோம்.' பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெல்லமி ஒரு நூலகத்தில் பேச வந்த பிற்பகல், சிவமலர் முன்வரிசையில் போய் இருந்தார். கேள்வி நேரத்தில் எழுந்தார்.

"அந்தப் பட்டியல் நான் செய்தது. ஏன் என் பெயர் இல்லை?"

பெல்லமி சிரித்தார். "மிஸஸ் சிவா எங்களுக்காக எத்தனை புத்தகப் பெட்டிகள் தூக்கியிருக்கிறார்! அவருக்கு ஒரு கைதட்டல் கொடுப்போம்."

சபை மனதாரக் கைதட்டியது. அந்தச் சத்தத்துக்கு மேலால் பேச சிவமலருக்கு இங்கிலீஷ் வரவில்லை. கதிரையில் இருந்துவிட்டார்.

மறுபதிப்பில் முப்பத்தேழாம் பக்கம் சரியாக இருந்தது. நன்றியுரை மாறவில்லை.

"அந்தப் பிழை ஒண்டுதான் புத்தகம் என்ர எண்டு காட்டக் கிடந்தது," என்றார் மகளிடம். "அதையும் நானே திருத்திக் குடுத்திட்டன்."

கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். போன மாதம் கடைப் பொறுப்பாளர் மேரிசாந்தி போன் எடுத்தார்.

"அக்கா, பெல்லமி வந்தவர். இப்ப சசெக்ஸ் பற்றி எழுதுறாராம். உங்களிட்ட ஏதும் குறிப்பு இருக்கோ எண்டு கேக்கிறார்."

கென்டை அடுத்த சசெக்ஸ் மாவட்டத்தின் வரைபடங்களுக்கு மட்டும் நான்கு கொப்பிகள் அலுமாரியில் இருந்தன.

"இல்லை எண்டு சொல்லுங்கோ," என்றார் சிவமலர்.